மைதானத்தில் கூடிய பொருளாதார வகுப்பு

1958 பிப்ரவரி இறுதியில் மத்திய பட்ஜெட்டை வாசித்தவர் பிரதமர் நேரு. நிதித்துறையைக் கையில் வைத்திருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி, முந்த்ரா பங்கு முதலீட்டு ஊழல் விவகாரத்தில் சிக்கி அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் பதவி விலகியிருந்தார். அந்த பட்ஜெட்டில் புதிதாக ஒரு வரி இருந்தது: அன்பளிப்பு வரி. சொந்தப் பிள்ளைக்குப் பணம் கொடுத்தாலும், குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அரசுக்குப் பங்கு போக வேண்டும்.

அதே ஆண்டு பம்பாயில், கிரீன் ஹோட்டல் என்ற பழைய ஹோட்டலின் சிறிய கூடம் ஒன்றில், 38 வயது வழக்கறிஞர் ஒருவர் பட்ஜெட்டைப் பற்றிப் பேசினார். பெயர் நானி பல்கிவாலா. வருமான வரிச் சட்டம் குறித்து அவர் தன் சீனியர் காங்காவோடு சேர்ந்து எழுதிய நூல் 1950-இலேயே வெளிவந்து, வரி வழக்காடுவோரின் மேசைகளில் இடம்பிடித்திருந்தது. கூடம் சிறியது, கூட்டமும் சிறியது. ஆனால் அடுத்த ஆண்டும் பேசினார், அதற்கடுத்த ஆண்டும் பேசினார். 1994 வரை ஆண்டுதோறும் தொடர்ந்த அந்தப் பேச்சு, கூடங்களை விட்டு கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவின் புல்வெளிக்கும், பிறகு பிரபோர்ன் மைதானத்துக்கும் இடம் மாறியது. 1973-க்குப் பிறகு 2009 வரை டெஸ்ட் ஆட்டம் எதையும் பார்க்காத மைதானம் அது. மட்டையும் பந்தும் இல்லாத நாளில் ஆயிரக்கணக்கானோர் அங்கே வரி விகிதம் கேட்கப் போனார்கள் என்பதை இன்று நம்பச் சிரமமாக இருக்கலாம். இந்தியாவில் இரண்டு பட்ஜெட் உரைகள் உண்டு, ஒன்று நிதியமைச்சருடையது, மற்றொன்று பல்கிவாலாவுடையது என்று சொல்லும் வழக்கமே அந்நாளில் உண்டானது.

இந்த மேடையைப் போட்டவர்கள் யார் என்பதும் முக்கியம். 1955-இல் சென்னையை அடுத்த ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணி சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. மறு ஆண்டு இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டமும் புதிய தொழிற்கொள்கைத் தீர்மானமும் வந்தன. கனரகத் தொழில்கள் பெரும்பாலும் அரசின் கைக்குப் போயின. அதே 1956-இல் பம்பாயில் ஏ.டி. ஷ்ராஃப் 'ஃபோரம் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' அமைப்பைத் தொடங்கினார். 1944-இல் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவில், கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரோடு இருந்தவர் இவர். அதே 1944-இல் தொழிலதிபர்கள் வெளியிட்ட பம்பாய்த் திட்டத்தில் கையெழுத்திட்டவரும் கூட. அரசு திட்டமிடுவதை அன்று ஏற்றவர், பன்னிரண்டு ஆண்டுகளில் அதற்கு எதிர்ப்பக்கம் மேடை போட்டார். கையடக்கப் பிரசுரங்களும் கூட்டங்களும்தான் அவருடைய ஆயுதங்கள். 1965-இல் அவர் மறைந்த பின் ஃபோரத்தின் முகமாக நின்றவர் பல்கிவாலா.

பல்கிவாலாவின் வகுப்பு வெற்றி பெற்றதற்கு அவருடைய நாவன்மையைத்தான் பொதுவாகக் காரணம் சொல்வார்கள். குறிப்புத் தாள் இல்லாமல், எண்களை நினைவிலிருந்தே எடுத்து, மணிக்கணக்கில் பேசக்கூடியவர் என்பது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அன்றைய பட்ஜெட் மாலை 5 மணிக்கு வாசிக்கப்படும். மறுநாள் காலை செய்தித்தாள்களில் பக்கம் பக்கமாக வரும். சில நாள் கழித்து மைதானத்துக்கு வருகிறவர்கள் அதையெல்லாம் படித்துவிட்டு, எது ஏறியது, எது இறங்கியது என்று வீட்டில் கணக்குப் போட்டுவிட்டு வருவார்கள். பாடம் படித்துவிட்டு வரும் மாணவர்கள் எந்த ஆசிரியருக்கும் எளிதில் வாய்ப்பதில்லை! என்ன நடந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். ஏன் என்பதும் இனி என்னவாகும் என்பதும்தான் ஆசிரியர் சொல்ல வேண்டியவை.

அந்தக் காலத்து எண்களும் அவருக்குத் தாமாகவே பாடம் எழுதிக் கொடுத்தன. 1970-களின் தொடக்கத்தில், ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வருமானத்துக்கு 85 சதவீத வரி, அந்த வரியின் மேல் 15 சதவீதம் கூடுதல் வரி. பெருக்கிப் பார்த்தால் 97.75 சதவீதம். அந்த அடுக்கில் இருப்பவர் மேற்கொண்டு 100 ரூபாய் சம்பாதித்தால் அவருக்கு மிஞ்சுவது இரண்டே கால் ரூபாய். இதோடு முடியவில்லை, செல்வ வரி தனி. அவரிடம் 1 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை இருந்து, அதில் 8,000 ரூபாய் வட்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வருமான வரியாக 7,820 ரூபாய் போய்விடும். மிச்சம் 180. செல்வ வரி வெறும் 1 சதவீதம் என்றாலும் 1,000 ரூபாய் கட்ட வேண்டும். சேமித்ததற்காகக் கையிலிருந்து 820 ரூபாய் எடுத்து வைக்க வேண்டிய கணக்கு இது.

ஊக்கம் என்று பாடநூல்கள் வரைபடம் போட்டு விளக்கும் விஷயம் இந்தக் கணக்குக்குள் முழுதாக அடங்கிவிடுகிறது. இப்படி வரி போட்டால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? சம்பளத்தை உயர்த்திக் கேட்காமல் கம்பெனி காரும் கம்பெனி வீடும் கேட்பார்கள்; வருமானத்தை மறைப்பார்கள்; ரசீது இல்லாமல் விற்பார்கள். முன்னாள் தலைமை நீதிபதி கே.என். வாஞ்சூ தலைமையில் அரசே அமைத்த குழு, மிதமிஞ்சிய வரி விகிதத்தை வரி ஏய்ப்பின் முக்கியக் காரணமாகக் காட்டி, அதைக் குறைக்கச் சொன்னது. நிதியமைச்சர்களாக இருந்த ஒய்.பி. சவாண் 1974-இல் உச்ச விகிதத்தை 77-ஆகவும், சி. சுப்பிரமணியம் 1976-இல் 66-ஆகவும் இறக்கினார்கள். 1985-இல் வி.பி. சிங் காலத்தில் அது 50 ஆனது. இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்தின் மீதான எஸ்டேட் வரியும் அப்போதே ஒழிந்தது.

இந்தக் கதைக்கு முன்கதை ஒன்று உண்டு. 1956-இல் கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கலஸ் கால்டோர் இந்தியாவுக்கு வந்து வரிச் சீர்திருத்த அறிக்கை கொடுத்தார். செல்வ வரி, செலவு வரி, அன்பளிப்பு வரி எல்லாம் போடுங்கள், பதிலுக்கு வருமான வரியின் உச்சத்தை 45 சதவீத அளவுக்கு இறக்குங்கள் என்பது அவர் சொன்ன ஏற்பாடு. அரசு முதல் பாதியை வாங்கிக்கொண்டு இரண்டாம் பாதியை நழுவ விட்டது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தைச் சாப்பிட்டுப் பத்தியத்தை விட்ட கதைதான். செலவு வரியின் பாடு இன்னும் வேடிக்கை: 1962-இல் ஒழிக்கப்பட்டு, மீண்டும் நிதியமைச்சரான கிருஷ்ணமாச்சாரியால் 1964-இல் உயிர்பெற்று, 1966-இல் மறுபடி மறைந்தது.

பல்கிவாலாவின் வகுப்பில் குறையும் இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. டாடா குழுமத்தின் இயக்குநராக இருந்தவர் அவர். மேடை, தனியார் தொழிலுக்காகவே வாதாட அமைந்த மேடை. அவர் பேசியது உச்ச அடுக்கில் இருந்தவர்களின் தலைவலி. வருமான வரி வலைக்குள் வராத பெரும்பான்மை இந்தியர்கள் தீப்பெட்டிக்கும் துணிக்கும் கலால் வரி கட்டிக்கொண்டிருந்தார்கள். மறைமுக வரியின் பெரும் சுமையைத் தாங்கிய அவர்களின் தரப்பை எடுத்துச் சொல்ல அதே மைதானத்தில், அதே அளவு கூட்டத்துக்கு முன்னால், இன்னொரு ஆசிரியர் நின்றதில்லை. நாட்டின் தலைசிறந்த பட்ஜெட் வகுப்பு ஒரே ஒரு தரப்பின் வகுப்பாகவே நடந்து முடிந்தது.

1991 ஜூலையில் மன்மோகன் சிங் வாசித்த பட்ஜெட்டோடு வாதத்தின் அடித்தளமே மாறியது. அடுத்த ஆண்டு உச்ச விகிதம் 40 சதவீதமாகவும், 1997-இல் ப. சிதம்பரத்தின் கையால் 30 ஆகவும் இறங்கியது. மத்திய அரசின் செல்வ வரி 2015 பட்ஜெட்டில் கைவிடப்பட்டது. 1999-இல் பட்ஜெட் நேரம் காலை 11 மணிக்கு நகர்ந்தது. 2017 முதல் தேதியும் பிப்ரவரி 1 ஆனது.

மைதானத்தில் நடந்த அந்த வகுப்பை இன்று பள்ளி வகுப்பறையில் நடத்தலாம். பன்னிரண்டாம் வகுப்புக்கான என்.சி.இ.ஆர்.டி. பேரினப் பொருளியல் நூலில் அரசின் பட்ஜெட்டுக்கென்று ஓர் அத்தியாயமே உண்டு. அதில் வரும் எண்கள் நூல் அச்சாகும் நாளிலேயே பழசாகிவிடும்; புது எண்களுக்குப் பட்ஜெட் ஆவணம்தான் கதி. அந்த ஆவணத்தில் கடந்த ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். போன பிப்ரவரியில் சொன்ன தொகையையும் இந்தப் பிப்ரவரியில் திருத்திய தொகையையும் மாணவரையே ஒப்பிடச் சொல்லலாம்: எந்தத் துறைக்கு ஒதுக்கியது செலவாகவில்லை, எந்த மானியம் எல்லை தாண்டியது, கச்சா எண்ணெய் விலை எந்த வரிசையில் போய் உட்கார்ந்தது. சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் விவசாயக் கூலியின் பிள்ளைக்கும் அதில் கண்ணில் படும் வரிகள் ஒன்றாக இருக்காது. பிரபோர்ன் மைதானத்தில் கேட்காமல் போன கேள்விகள் அங்கே எழ வாய்ப்பு உண்டு.