சுடரும் திரையும்

உருவ வழிபாட்டை ஏற்காத சமயத்தைச் சார்ந்தோர் புனிதரை ஓவியத்தில் எங்ஙனம் காட்டுவது? பாரசீகச் சிற்றோவியர்கள் இவ்வினாவிற்குக் கண்ட விடைகளுள் இரண்டை இங்கு நோக்குவோம்.

1488-ஆம் ஆண்டில், ஹீராத் நகரத்து ஓவியர் பிஹ்ஸாத், ஸாதி இயற்றிய 'பூஸ்தான்' நூலின் பிரதியொன்றில் யூசுப் நபியைத் தீட்டினார். விவிலியம் யோசேப்பு என்றழைப்பவர் இவரே. அவரைத் தன்வயப்படுத்த விழைந்த ஜுலைகா, ஏழு அறைகளின் வழியே அழைத்துச் சென்று, கதவுகளை ஒவ்வொன்றாகத் தாழிடுகிறாள். சித்திரத்தில் நாம் காண்பன படிகளும் மூடிய கதவுகளுமே, காவலரில்லை, தோழியரில்லை. பற்ற வரும் கரத்தினின்று யூசுப் விலகி ஓடுகிறார். அவர் தலையைச் சூழ்ந்து பொற்சுடர் எரிகின்றது. மானிடக் கண் காணாவிடத்தும் இறைவன் காண்கின்றான் என்பதை, இறைவனைத் தீட்டாமலே அச்சுடர் உணர்த்துகிறது. இவ்வேடு இன்று கெய்ரோவில் உள்ளது.

மற்றொரு விடை திரை. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தப்ரீஸில் உருவான ரஷீதுத்தீனின் உலக வரலாற்றுப் பிரதியில் நபிகள் நாயகத்தின் திருமுகம் திரையின்றியே தீட்டப்பெற்றது. ஷா தஹ்மாஸ்ப் மன்னருக்காக 1539 முதல் 1543 வரை உருவான நிஜாமியின் 'கம்ஸா' பிரதியிலோ, நாயகம் விண்ணேறும் காட்சியில் பொற்சுடர் ஓங்கி எழுகின்றது. திருமுகத்தை வெண்திரை மறைக்கின்றது.

வண்ணங்கள் அனைத்தும் கைவரப்பெற்ற ஓவியர், தலையாய இடத்தில் தூரிகையை நிறுத்திக்கொண்டார். வரைவது கலை, வரையாது விடுவது வணக்கம். இவ்விரண்டும் ஒரே ஏட்டில் இணைந்திருப்பதே அவ்வோவியங்களின் பெருமை என்போம்.