வில்லுக்கத்தி: ஒரு சிறுபொருளின் வரலாறு

யாழ்ப்பாணத்தவர் மடக்குக்கத்தியை வில்லுக்கத்தி என வழங்குவர். பெயர் பொருத்தமானதே. பிடியின் முதுகிற் பொருத்தப்பட்ட உருக்கு வில்லொன்று அலகை அழுத்திப் பிடிப்பதனாலேயே அக்கத்தி, திறந்தபோது தளராதும் மடித்தபோது தானே விரியாதும் நிற்கின்றது. இங்கிலாந்தின் செபீல்ட் நகரிற் கத்தித்தொழில் செய்தோரும் இதனை வில்லுக்கத்தி என்னும் பொருள்தரும் பெயராலேயே ஏனைய கத்திகளினின்றும் வேறுபடுத்திக் கூறினர். ஈரிடத்தும் பெயர் ஒன்றாய் அமைந்தது தற்செயலோ, கத்தியோடு பெயரும் கப்பலேறி வந்ததோ என்பது ஆராய்தற்குரியது.

பழைய ஆங்கிலக் கத்திகளைச் சேகரிப்போரிடையே இலங்கை பற்றிய கூற்றொன்று நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. செபீல்ட்டின் புகழ்பெற்ற ஜோசப் றொட்ஜர்ஸ் நிறுவனத்தின் பெயர், இலங்கை மக்களின் மொழியில் ‘மிகச் சிறந்தது’ என்னும் பொருள்தரும் அடைமொழியாகவே வழங்கியது என்பதே அக்கூற்று. இதனை அப்படியே ஏற்றல் வரலாற்று மாணவருக்குத் தகாது. தம் பண்டத்தின் பெருமைக்குத் தொலைதூர நாடொன்றைச் சான்றாக அழைப்பது வணிகரின் பழைய வழக்கம். எனினும் முற்றாக ஒதுக்குதலும் முறையன்று. அழுத்த விளக்கைப் பெற்றோல்மாக்ஸ் என்றே அழைத்த மக்கள், நல்ல கத்தியை அதனைச் செய்தவன் பெயரால் அழைத்திருத்தலும் கூடும். கூற்றை நிறுவவோ மறுக்கவோ வேண்டுமாயின் நமக்குத் தேவைப்படுவன அக்காலக் கத்திகளும், விற்பனைச் சீட்டுகளும், நாட்குறிப்புகளும், முதியோர் வாய்மொழியுமாகும். ஒரு சிறுபொருளைப் பேணிச் சேர்ப்பதும் சேர்த்ததைப் பிறரோடு பகிர்வதும் வரலாற்றுக்கு எத்துணை இன்றியமையாதன என்பது இவ்விடத்திலேயே புலனாகின்றது.

கத்திக்கும் எழுத்துக்கும் உள்ள உறவினை முதலில் நோக்குவோம். பேனாக்கத்தி என்னும் சொல் இன்று வெறும் பெயராகவே எஞ்சியுள்ளது. இறகினாற் பேனா செய்து எழுதிய காலத்தில், மழுங்கிய முனையை அடிக்கடி சீவிக்கொள்ளுதற்கென எழுதுவோர் கைக்கொண்ட சிறு கத்தியே அது. உருக்கு முனைகள் பெருகிய 19ஆம் நூற்றாண்டில் அத்தேவை மறைந்தது, பெயர் மறையவில்லை. தமிழர் மரபிலும் இதற்கு இணையுண்டு. ஓலையை வாருதற்குரிய கத்தி ஒருபுறமும், எழுதும் முனை மறுபுறமுமாக அமைந்த எழுத்தாணியை வாரெழுத்தாணி என்றனர். பிடிக்குள் மடித்து வைக்கத்தக்கதனை மடக்கெழுத்தாணி என்றனர். கண்டி இராச்சியத்துப் பெருமக்கள் இடையில் அணிந்த கத்திகளின் உறைகளிலும் எழுத்தாணி செருகுதற்குத் தனியிடம் அமைந்திருத்தலைக் காணலாம். இறகானாலும் ஓலையானாலும் எழுதுவோனுக்குக் கத்தி வேண்டியிருந்தது.

செபீல்ட் நகரின் கத்திப் புகழ் மிகப் பழையது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சோசர் இயற்றிய கன்ரர்பரிக் கதைகளிலேயே அந்நகரத்துக் கத்தி இடம்பெறுகின்றது. நகரைச் சூழ்ந்தோடிய சிற்றாறுகள் சாணைச் சக்கரங்களைச் சுழற்றின. அயலிற் கிடைத்த மணற்கல் சாணைக்கல்லாயிற்று. 1624இல் இயற்றப்பட்ட சட்டமொன்று ஹலம்ஷயர் கத்தித் தொழிலாளர் கழகத்தை நிறுவி, ஒவ்வொரு தொழிலாளியும் தனக்குரிய இலச்சினையைப் பதிவுசெய்து அலகிற் பொறிக்கும் வழக்கத்தை நெறிப்படுத்தியது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பெஞ்சமின் ஹன்ற்ஸ்மன் மூசையில் உருக்கை உருக்கி வார்க்கும் முறையை வகுத்தார். அலகு முழுவதும் ஒரே சீரான தரமுடையதாதற்கு அதுவே வழிவகுத்தது.

இப்பின்னணியிலேயே றொட்ஜர்ஸ் நிறுவனம் வளர்ந்தது. நட்சத்திரமும் மால்ட்டாச் சிலுவையும் அதன் இலச்சினை. 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னரின் ஆதரவுரிமையைப் பெற்ற அந்நிறுவனம், அக்காலத்தில் அவ்வாண்டின் எண்ணுக்கொப்ப 1822 அலகுகள் கொண்ட ‘ஆண்டுக்கத்தி’ ஒன்றையும் செய்தது. 1851ஆம் ஆண்டின் பெருங்கண்காட்சிக்கென அது செய்த 75 அலகுகளையுடைய நோர்போக் கத்தி, செபீல்ட் கத்தித் தொழிலாளர் மண்டபத்திற் பேணப்படுகின்றது. இத்தகைய காட்சிப்பொருள்கள் வெட்டுதற்குரியன அல்ல. உலகச் சந்தையின் கண்ணைக் கவர்தற்குரியன. சாதாரண மக்களின் சட்டைப்பையை நாடிச் சென்றனவோ ஓரிரு அலகுகளும் கொம்புப் பிடியும் கொண்ட எளிய கத்திகளே.

அவ்வெளிய கத்தியும் எளிதிற் பிறந்ததன்று. அலகை அடிப்பவன் ஒருவன். சாணை பிடிப்பவன் ஒருவன். பாகங்களைப் பொருத்தி வில்லைச் சரிசெய்பவன் இன்னொருவன். பெரிய நிறுவனங்களின் பெயரால் வெளிவந்த கத்திகள் பலவற்றைச் சிறிய வாடகை அறைகளிலிருந்து தொழில்செய்த சுயாதீனக் கைவினைஞர்களே ஆக்கினர். சாணை பிடித்தோரின் நிலை மிக இரங்கத்தக்கது. கல்லின் தூளும் உருக்கின் தூளும் நெஞ்சை அடைக்க, அவர்களுட் பலர் இளவயதிலேயே மாண்டனர். 1845இல் வெளிவந்த இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றிய நூலில் ஏங்கெல்ஸ் இக்கொடுமையை எடுத்துரைத்தார். குடியேற்ற நாடுகளின் உழைப்பைச் சுரண்டிய அதே பொருளாதாரம், தன் தாய்நாட்டுத் தொழிலாளியின் மூச்சையும் விலையாகக் கொண்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இனி, ஆங்கிலப் பேனாக்கத்தியின் வரலாற்றில் நம்மவர் பெரிதும் அறியாத பக்கமொன்று உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஐரோப்பியர் வூட்ஸ் என வழங்கிய இந்திய உருக்குக் கட்டிகள் பம்பாயிலிருந்து இலண்டன் அரச கழகத் தலைவர் சேர் ஜோசப் பாங்ஸ் என்பாருக்கு அனுப்பப்பட்டன. தமிழில் உருக்கு என்றும் கன்னடத்தில் உக்கு என்றும் வழங்கும் சொல்லோடு இப்பெயரை அறிஞர் தொடர்புபடுத்துவர். பாங்ஸின் விருப்பப்படி ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் இலண்டன் கருவி வினைஞர் அவ்வுருக்கினாற் பேனாக்கத்தியொன்றை அடித்துப் பார்த்தார். அது மிகச் சிறந்த உருக்குக் கத்திக்கு நிகராக வெட்டியது என்பதனை, ஜோர்ஜ் பியர்சன் 1795இல் அக்கழகத்தின் முன் வைத்த ஆய்வுரை பதிவுசெய்துள்ளது. பிற்காலத்தில் ஸ்டோடார்ட்டும் மைக்கல் பரடேயும் இணைந்து நடத்திய உருக்குக் கலவை ஆராய்ச்சிகளுக்கும் இவ்வூட்ஸ் உருக்கே தூண்டுகோலாயிற்று. உலகுக்குக் கத்தி விற்ற நாடு, கத்திக்குரிய உருக்கின் இரகசியத்தைக் கீழைநாட்டிற் கற்க முனைந்தது என்பதே இதன் பொருள்.

இலங்கைக்கும் இவ்வுருக்கு மரபிற் பங்குண்டு. சமனலவெவப் பகுதியிற் கில் ஜூலெவ் நடத்தி 1996இல் வெளியிட்ட அகழாய்வு முடிவுகள், ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை பருவக்காற்றின் விசையினாலேயே அங்கு உலைகள் இயங்கியமையை நிறுவின. துருத்தி ஊத ஆளின்றி, மேற்கு நோக்கிய மலைச்சரிவில் மோதிய காற்றே உலையை எரித்தது. அத்தகைய தொழிலறிவு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருகிப்போயிருந்தது. 1877இற் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் அளவையின் பணிப்பாளராக ஊரூராகச் சென்றபோது, மறைந்துகொண்டிருந்த இரும்புருக்குத் தொழிலையும் கம்மாளரின் கைவினையையும் கண்டு, 1908இல் வெளியிட்ட தமது இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலிற் பதிவுசெய்தார். இறக்குமதிப் பண்டம் மலிவாய் வந்ததனால் மட்டுமன்று, மன்னனும் பெருமக்களும் அளித்த ஆதரவு அற்றுப்போனதனாலும் கம்மாளன் வாழ்விழந்தான் என்பதே அவர் கண்ட உண்மை.

இங்கு ஒரு முரண் தோன்றுகின்றது. வெள்ளியும் பித்தளையும் இழைத்து, தந்தத்தினாலும் கொம்பினாலும் பிடியமைத்துக் கண்டிக் கைவினைஞர் செய்த கத்திகள் கொழும்பு அரும்பொருட்சாலையில் மட்டுமன்றி, இலண்டன் அரும்பொருட்சாலைகளிலும் இடம்பெற்றுள்ளன. செபீல்ட் கத்தியோ நம்மவர் மடியிலும் மேசையறையிலும் கிடந்தது. அவர்கள் நமது கத்தியைக் கலைப்பொருளாக்கிக் கண்ணாடிப் பேழையில் வைத்தனர். நாம் அவர்களது கத்தியைக் கருவியாக்கிப் பென்சிலும் மாங்காயும் சீவினோம். பேழையில் வைத்தது எஞ்சியது. கையிற் பழகியது தேய்ந்தது.

அவ்வாறு தேய்ந்த பொருள்களை மீட்டு அறிவாக்கியோர் பெரும்பாலும் சேகரிப்பாளரே. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் செபீல்ட்டின் பழைய தொழிலகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1971இல் றொட்ஜர்ஸ் நிறுவனமும் அதன் பழைய போட்டியாளரான வொஸ்ரன்ஹோம் நிறுவனமும் ஒன்றிணைந்தமையே வீழ்ச்சியின் அறிகுறியாயிற்று. இந்நிலையில், ஆங்கிலக் கத்திகளில் ஈடுபாடுடையோர் தாம் தேடியவற்றை ஒருவருக்கொருவர் காட்டி ஒப்புநோக்கினர். ஒருவரிடமுள்ள கத்தியில் தெளிவற்ற இலச்சினை, மற்றொருவரிடமுள்ளதில் தெளிவாய் இருக்கும். ஒருவரிடம் அலகு முழுமை. இன்னொருவரிடம் பிடி முழுமை. தனித்து நின்றபோது பேசாத பொருள்கள், அருகருகே வைத்தபோது பேசத் தொடங்கின.

அவர்கள் கைக்கொண்ட காலக்கணிப்பு முறை கல்வெட்டாய்வை ஒத்தது. முடியின் இருபுறமும் விக்டோரியா அரசியின் பெயரெழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பின், கத்தி 1837க்கும் 1901க்கும் இடைப்பட்டதெனக் கொள்வர். 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பண்டங்களிற் பிறந்த நாட்டின் பெயரை வேண்டியதனால், இங்கிலாந்து என்னும் சொல் பொறிக்கப்பட்ட கத்திகளைப் பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டனவாகக் கருதுவர். 1913இல் ஹரி பிறியர்லி செபீல்ட்டில் உருவாக்கிய துருவேறா உருக்கு மற்றோர் எல்லைக்கல். ஆயின் இலச்சினை ஒன்றையே நம்புதல் ஏமாற்றந் தரும். செபீல்ட்டின் பெயரைப் பொய்யாகப் பொறித்த பிறநாட்டுக் கத்திகள் சந்தையில் மலிந்தமையும் 1887ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டத்துக்கு ஒரு காரணமாகும். எனவே எழுத்து, உலோகம், பிடி, பொருத்துமுறை ஆகிய அனைத்தையும் ஒருங்கே நோக்கியே முடிவு காண்பர்.

இவ்வகையில் இருவர் முயற்சி சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. கருவி வணிகரான கென் ஹோலி (1927–2014) என்பார், மூடப்பட்ட தொழிலகங்களிலிருந்து முடிந்த பொருள்களை மட்டுமன்றி, முற்றுப்பெறாத பாகங்களையும் கருவிகளையும் விலைப்பட்டியல்களையும் திரட்டினார். பொருளைச் சேர்த்தலோடு, அது செய்யப்பட்ட முறையையும் சேர்த்தமையே அவர் பெருமை. அவரது சேகரிப்புக்கு 2010இற் கெல்ஹம் தீவு அரும்பொருட்சாலையிலே தனிக்கூடம் அமைந்தது. மற்றவர் ஜெப்ரி ட்வீடேல். 1996இல் அவர் வெளியிட்ட செபீல்ட் கத்தி பற்றிய நூல், வரலாற்று நூலாகவும் சேகரிப்போர் கைந்நூலாகவும் ஒருங்கே அமைந்தது. கத்தியின் எல்லாப் பாகங்களையும் தாமே செய்து பொருத்தவல்ல பழைய கைவினைஞருள் ஒருவரான ஸ்டான் ஷோ 2021இல் மறைந்தார். கைகள் ஓய்ந்தன, எனினும் அக்கைகளின் வினை அறியப்பட்டதாய் எஞ்சியுள்ளது.

இனிக் கொழும்பை நோக்குவோம். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து, அரச எழுதுவினைஞராகவும் வணிகராகவும் வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பகுதிகளிற் குடியமர்ந்தன. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட அவ்வொழுங்கைகளின் வீடுகளிலே, ஊரிலிருந்து வந்த பாக்குவெட்டியும் கோட்டையிற் கடையிலே வாங்கிய ஆங்கிலப் பண்டமும் அருகருகே புழங்கின. குடியேற்றக் கால வணிகம் சாதாரண மனிதனின் கையில் என்னவாயிற்று என்பதற்குச் சான்று அவ்வீடுகளின் இழுப்பறைகளிலேயே இருந்தது. 1983 யூலையில் அவ்வீடுகளுட் பல எரியூட்டப்பட்டன. அதற்கு முன்னர், 1981இல், ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. நூலகத்தின் இழப்பை உலகம் அறியும். எரிந்த வீட்டின் இழுப்பறையில் என்ன இருந்தது என்பதற்கு எப்பட்டியலும் இல்லை. பின்னர் வந்த போரும் இடப்பெயர்வும் வடக்கிலும் கிழக்கிலும் அதனையே பன்முறை செய்தன.

செபீல்ட்டில் எஞ்சியது விற்றவனின் வரலாறு. வாங்கிப் பயன்படுத்தியவனின் வரலாறு நம்மிடமிருந்தே எழுதப்படல் வேண்டும். றொட்ஜர்ஸ் என்னும் பெயர் இலங்கையில் உண்மையாகவே சிறப்பைக் குறித்ததா என்னும் சிறு வினாவுக்கேனும் விடைகாண நமக்கு வேண்டியது, பெருஞ்செல்வமன்று. துருவேறிய பழைய கத்தியொன்றைக் கண்டால் எறியாதிருத்தல். அதன் இலச்சினையைப் படியெடுத்தல். யாருடையது, எங்கு வாங்கியது, என்ன பெயரால் அழைத்தனர் என வீட்டு முதியோரைக் கேட்டு எழுதிவைத்தல். எழுதியதைப் பிறரோடு ஒப்புநோக்குதல் ஆகிய இவையே போதும். எஞ்சிய முதியோர் அருகிவரும் இக்காலத்தில், இப்பணியைத் தொடங்குதற்குரியோர் பல்கலைக்கழக மாணவரேயாவர்.