மறைவறையும் பெயரும்: சுயாதீனக் கணினி விளையாட்டின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

இலக்கியத்தையும் நாடகத்தையும் திரைப்படத்தையும் அவற்றைத் தோற்றுவித்த சமூக உறவுகளோடு இணைத்து நோக்கும் ஆய்வுமரபு எம்மிடையே வேரூன்றி அரை நூற்றாண்டுக்கு மேலாகின்றது. ஆயினும் கணினி விளையாட்டு அந்நோக்கிற்கு உட்படுத்தப்பட்டமை அரிது. சிறுவர் பொழுதுபோக்கென ஒதுக்குவோர் ஒருபுறம், தொழினுட்ப அற்புதமென வியப்போர் மறுபுறம். இதனை ஆக்கியவர் யார், ஆக்கியவருக்கும் விளையாடியவருக்கும் இடையில் நின்றவர் யார் என்னும் வினாவை இருசாராரும் எழுப்புவதில்லை. அவ்வினாவையே நாம் ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். குகைகளையும் கோட்டைகளையும் தேடித்திரிந்து, புதிர்களை அவிழ்த்து, மேடைக்கு மேடை தாவிச் செல்லும் விளையாட்டு வகை, 'இண்டி' எனச் சுருக்கி வழங்கப்படும் சுயாதீன விளையாட்டுக்களிடையே தனியிடம் பெற்றுள்ளது. அச்சுயாதீனம் கலைஞனின் உளப்பாங்கு ஒன்றைச் சுட்டுவதாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. அது உற்பத்தியும் விநியோகமும் பற்றிய ஓர் உறவுநிலையைச் சுட்டுகிறது என்பதும், அவ்வுறவு மாறுந்தோறும் ஆக்கியவரின் பெயர் வெளிப்பட்டும் மறைந்தும் வந்துள்ளது என்பதும் எமது கருத்து.

இவ்வகையின் தோற்றுவாயாக அமைந்தது உண்மையான ஒரு குகையே. ஐக்கிய அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்திலுள்ள மாமத் குகைத்தொகுதியை அளந்து வரைபடமாக்கியோருள் வில் குரோதர் ஒருவர். மசாசூசெற்ஸ் மாநிலத்திலே, பாதுகாப்புத் திணைக்களத்தின் நிதியில் ஆர்ப்பாநெற் என்னும் கணினி வலையமைப்பை நிறுவிக்கொண்டிருந்த நிறுவனமொன்றில் அவர் நிரலாளராகப் பணியாற்றினார். மணமுறிவின் பின்னர்த் தம் பெண்பிள்ளைகள் விளையாடுவதற்கென 1975-76 அளவில் அவர் எழுதிய நிரலில் படம் எதுவும் இருக்கவில்லை. விளையாடுபவர் நிற்கும் குகையறை சொற்களால் விவரிக்கப்படும். வடக்கே செல், விளக்கை எடு என அவர் தட்டச்சிடுவார். ஸ்ரான்பேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொன் வூட்ஸ் 1977இல் இதனை விரித்தெழுதினார். இராணுவச் செலவில் இடப்பட்ட கம்பிகளின் வழியே ஆய்வுகூடம் ஆய்வுகூடமாக அது பரவிற்று. விலை இல்லை, வெளியீட்டாளர் இல்லை, யாரும் எடுத்துத் திருத்தலாம். சந்தைக்கு வெளியே, ஆனால் அரசின் ஆயுதச் செலவினத்தின் மடியில் பிறந்த சுயாதீனம் அது என்பதை மறத்தலாகாது.

அக்குகை சந்தைக்கு வந்தபோது நேர்ந்தது எமது பொருளுக்கு மிக முக்கியமானது. அட்டாரி நிறுவனம் 1977இல் தொலைக்காட்சியுடன் இணைக்கும் விளையாட்டுக் கருவியைச் சந்தைப்படுத்தியது. அதன் நிரலாளருள் ஒருவரான வொரன் ரொபினெற், ஸ்ரான்பேட்டில் தாம் விளையாடிய குகை விளையாட்டைப் படங்களாக மாற்ற விழைந்தார். மேலாளர் அது நடவாத காரியமென்று தடுத்தும் அவர் கைவிடவில்லை. வெறும் 128 பைற் தற்காலிக நினைவகமும் 4 கிலோபைற் நிரலிடமும் கொண்ட கருவியிலே கோட்டைகளும் இருண்ட சுழல்வழிகளும் பறவைநாகங்களும் அமைந்தன. 'அட்வெஞ்சர்' எனப் பெயர் பெற்று 1980இல் அது வெளிவந்தபோது அதனை ஆக்கியவரின் பெயர் பெட்டியிலும் இல்லை, கையேட்டிலும் இல்லை. பெயரிடாமை அந்நிறுவனத்தின் நடைமுறை. இந்த விளையாட்டு 25 டொலர் விலையிற் பத்து இலட்சம் பிரதிகள் விற்கப்பட்டதென்றும், தமக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 22,000 டொலர் சம்பளமே என்றும் ரொபினெற் பின்னாளிற் கூறியுள்ளார்.

ஆனால் அவர் விலகிச் செல்லுமுன் ஒன்றைச் செய்திருந்தார். கருங்கோட்டையினுள்ளே, எளிதில் எட்டாத ஓர் அறையில், பின்னணியின் நிறத்திலேயே அமைந்த ஒற்றைப் புள்ளியொன்று கிடக்கும். அதனைக் கையிலெடுத்து வேறோர் அறைக்குக் கொண்டுசென்றால், மேலும் சில பொருள்கள் அங்கு இருக்குமாயின், கடக்கவியலாத சுவரைக் கடக்கலாம். அப்பாலுள்ள அறையில் இவ்விளையாட்டை ஆக்கியவர் வொரன் ரொபினெற் என்ற அறிவிப்பு நிறம் மாறி மாறி ஒளிரும். உடன் பணியாற்றியோருக்கும் இதனை அவர் சொல்லவில்லை. இளம் விளையாட்டாளன் ஒருவன் அதனைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிய பின்னரே விடயம் வெளிவந்தது. நிறுவனமோ திருத்துவதற்கு ஆகும் செலவைக் கருதி அதனை விட்டுவைத்தது. பிற்பாடு இத்தகைய ஒளிவுகளை விற்பனை உத்தியாகவும் ஏற்றது. இன்று தேடுகை விளையாட்டுக்களின் உயிர்நாடியெனப் போற்றப்படும் 'மறைவறை', ஊதியம் பெறும் தொழிலாளி ஒருவர் தம் உழைப்பின்மீது இரகசியமாக இட்ட கைச்சாத்தாகவே முதலிற் புகழ்பெற்றது. அழகியல் உத்தியாக அன்றித் தொழிற் பிணக்காகவே நாம் அதனைக் காண்கிறோம்.

இப்பிணக்கு ஒருவருடையது மட்டுமன்று. அட்டாரியின் 1978ஆம் ஆண்டு விற்பனையிற் பெரும்பகுதி தமது ஆக்கங்களால் விளைந்ததென்பதைக் கணக்கிட்டு அறிந்த நான்கு நிரலாளர், தலைவர் ரே கசாரிடம் பெயரும் பங்கும் கேட்டனர். விளையாட்டுப் பேழைகளைப் பொருத்தும் தொழிலாளியைவிட நீங்கள் முக்கியமானவர்கள் அல்லர் என்ற கருத்துப்பட அவர் விடையளித்தார் என்பது அந்நால்வருள் ஒருவரான டேவிட் கிரேனின் கூற்று. அவர்கள் வெளியேறி 1979இல் அக்ரிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினர். ஆக்கியோர் பெயரைப் பொறித்து வெளியிட்டனர். காட்டினூடே கயிறு பிடித்துத் தாவும் கிரேனின் 'பிற்போல்' 1982இல் வெளிவந்தது. 255 காட்சிகள் அதில் உண்டு. அக்காட்சிகளைச் சேமித்து வைக்க இடமின்மையால், சிறு எண்கணிதச் சூத்திரம் ஒன்றினால் அவற்றைப் பிறப்பித்தார். கசாரின் விடையை நிரலாளரின் வரலாறுகள் அவமதிப்பாகவே எடுத்துரைக்கின்றன. பேழை பொருத்திய தொழிலாளரைப் பற்றி அவ்வரலாறுகள் மௌனம் சாதிக்கின்றன. 1983இல் அட்டாரி உற்பத்தியை ஹொங்கொங்குக்கும் தைவானுக்கும் மாற்றிக் கலிபோர்னியாவில் ஏறத்தாழ 1,700 பேரை வேலைநீக்கம் செய்தது. அவர்கள் பெயர் எந்த மறைவறையிலும் இல்லை.

இதே காலத்திற் பிரித்தானியாவில் நிலைமை வேறுபட்டிருந்தது. 1982இல் வெளிவந்த 'ஸ்பெக்ரம்' என்னும் வீட்டுக் கணினியின் மிகக் குறைந்த விலை 125 பவுண். விளையாட்டுக்கள் சாதாரண ஒலிப்பதிவுக் கசெற்றிற் பதியப்பட்டன. பேழையைச் செய்யத் தொழிற்சாலை வேண்டும். கசெற்றைப் பிரதிசெய்ய வீட்டிலுள்ள ஒலிப்பதிவுக் கருவியே போதும். இவ்வொரு வேறுபாடு படுக்கையறையிலிருந்து எழுதும் இளைஞர் தலைமுறையொன்றைத் தோற்றுவித்தது. மத்தியூ சிமித் 1983இல் 'மனிக் மைனர்' என்ற விளையாட்டை எழுதியபோது அவருக்கு வயது பதினேழு. இருபது குகைகளை ஒவ்வொன்றாகத் தாவிக் கடக்கும் ஆட்டம் அது. ஒப்பந்தப்படி உரிமை அவரிடமே இருந்தமையால் முதலில் வெளியிட்ட நிறுவனத்திடமிருந்து அதனை மீட்டுத் தாம் பங்காளியாக இருந்த நிறுவனத்தின் மூலம் மறுபடி வெளியிட முடிந்தது. அடுத்த ஆண்டில் வந்த 'ஜெற் செற் வில்லி' ஒரு மாளிகையின் அறுபது அறைகளையும் விரும்பிய ஒழுங்கிற் சுற்றிவரவிட்டது. நிரற்பிழை காரணமாக, பரண் அறைக்குட் சென்றால் வேறு அறைகள் சிதைந்து ஆட்டத்தை முடிக்கவியலாது போயிற்று. அது வேண்டுமென்றே வைத்த பொறி என வெளியீட்டாளர் சாதித்துப் பார்த்துப் பின்னர்த் திருத்தத்தை வெளியிட்டனர். எளிதிற் பிரதிசெய்யலாம் என்ற அதே பண்பு திருட்டுப் பிரதிகளையும் பெருக்கிற்று. அதனைத் தடுக்க வண்ணக் கட்டங்கள் அச்சிட்ட அட்டையொன்றை அக்கசெற்றுடன் இணைக்க நேர்ந்தது.

இவ்வாய்ப்பை விளையாட்டுக் கருவிச் சந்தையில் அடைத்தது யப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ. 1983இல் நேர்ந்த வட அமெரிக்கச் சந்தை வீழ்ச்சியின் பின்னர், 1985 முதல் அங்கு விற்கப்பட்ட தன் கருவியினுள்ளே பூட்டுச் சில்லொன்றை அது வைத்தது. அதற்கு இணையான சில்லு இல்லாத பேழை இயங்காது. பேழைகளை நிண்டெண்டோவே உற்பத்திசெய்யும். வெளியீட்டாளர் பணத்தை முற்கூட்டியே செலுத்தவேண்டும். அமெரிக்காவில் ஒருவருக்கு ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுக்களே அனுமதி. இத்தகைய அமைப்பில் தனியொருவருக்கு இடமேது? அக்காலத்து யப்பானிய விளையாட்டுக்கள் பலவற்றின் இறுதிப் பெயர்ப்பட்டியலிலே புனைபெயர்களே இடம்பெற்றன. எனினும் இத்தேடுகை வகை முதிர்ச்சி பெற்றதும் இப்பூட்டின் கீழேதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1986இல் வந்த 'மெற்றொயிட்', புதிய திறன் பெறுந்தோறும் முன்பு அடைபட்டிருந்த வழி திறக்கும் முறையைச் செம்மையாக்கிற்று. பூட்டும் திறவும் ஆட்டத்தின் விதியாகவும் தொழிலின் விதியாகவும் ஒருங்கே அமைந்தமை சுவையான பொருத்தம். காரணகாரியத் தொடர்பு உண்டென நாம் வாதிடவில்லை.

2004 டிசம்பரில் யப்பானியர் ஒருவர் 'குகைக் கதை' என்று பொருள்படும் விளையாட்டை இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். டைசுக்கே அமாயா என்னும் அவர் 'பிக்சல்' என்ற புனைபெயர் பூண்டவர். மாணவராயிருந்தபோது தொடங்கி, வேலைக்குச் சென்ற பின்னரும் ஓய்வுநேரங்களில் எழுதி, நிரலும் ஓவியமும் இசையும் தனியொருவராகவே அமைத்து ஐந்தாண்டுகளில் முடித்தார். மெற்றொயிட்டின் சாயல் அதில் வெளிப்படை. இரசிகர் குழுவொன்று ஊதியமின்றி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது. பூட்டுச் சில்லும் தொழிற்சாலையும் முன்பணமும் அவசியமற்றுப் போனமையால் ஒருவரின் மாலைப்பொழுதுகள் உலகெங்கும் பரவ முடிந்தது. சுயாதீனம் என்ற பேச்சு இதன் பின்னரே வலுப்பெற்றது. ஆயினும் ஐந்தாண்டு உழைப்புக்கு ஊதியம் தந்தவர் யார் என்று கேட்போமாயின், பகல்நேர வேலையே அவ்வோய்வுநேரத்தைத் தாங்கிற்று என்ற விடையே கிடைக்கும்.

கருவி நிறுவனங்கள் இப்புதிய உழைப்பைக் கண்டுகொள்ளத் தாமதிக்கவில்லை. மைக்ரோசொப்ட்டின் இணைய அங்காடியில் 2008 ஓகஸ்ட்டில் வெளிவந்த 'பிரெய்ட்', காலத்தைப் பின்னோக்கி ஓடவிட்டுப் புதிர் அவிழ்க்கும் ஆட்டம். ஜொனதன் புளோ தம் பணத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு இலட்சம் டொலரைச் செலவிட்டு அதனை ஆக்கினார். 2012இல் வெளிவந்த 'இண்டி கேம்: த மூவி' என்ற ஆவணப்படம் அவரையும் வேறு சிலரையும் தனித்து நின்று போராடும் கலைஞராகத் தீட்டிற்று. அப்படத்தின் பார்வையுடன் எமக்கு உடன்பாடில்லை. பிரெய்ட்டின் ஓவியங்கள் டேவிட் ஹெல்மனுடையவை. அப்படத்திற் பெருமளவு இடம்பெறும் 'பெஸ்' விளையாட்டின் நிரலை எழுதியவர் ரெனோ பெடார். பில் பிஷ் என்ற வடிவமைப்பாளரின் துயரமே திரையை நிறைக்கிறது. அட்டாரியில் நிறுவனத்தின் பெயர் தொழிலாளியை மறைத்தது. இங்கே ஒரு கலைஞரின் பெயர் சகதொழிலாளியை மறைக்கிறது.

மொன்றியல் நகரில் உருவான பெஸ், தட்டையான உலகில் வாழும் சிறு உருவமொன்று உலகைத் திருப்பிப் பார்த்து அதன் மூன்றாம் பரிமாணத்தைக் கண்டறியும் ஆட்டம். அதன் சுவர்களிற் பொறிக்கப்பட்ட கற்பனை எழுத்துக்களையும் எண்களையும் விளையாடுவோர் பல்லோர் கூடி வாசித்தறிந்தனர். அறையொன்றில் நரியொன்று நாயைத் தாண்டிப் பாய்கிறது. ஆங்கில நெடுங்கணக்கு முழுவதும் அடங்கிய பயிற்சி வாக்கியத்தை நினைவூட்டும் அக்காட்சியே எழுத்துக்களுக்குத் திறவுகோல். 2012 ஏப்ரிலில் வெளிவந்த இதற்கு யூனில் திருத்தமொன்று வந்தது. சிறுதொகையினரின் சேமிப்பை அது அழித்தது. மறுதிருத்தம் வெளியிட மைக்ரோசொப்ட் பல்லாயிரம் டொலர் கட்டணம் கேட்பதால், தம்மால் அது இயலாதெனவும், நூற்றுக்கு ஒருவருக்கும் குறைந்தோரே பாதிக்கப்படுவர் எனவும் கூறி, பழைய திருத்தத்தையே மீளவிட்டனர் ஆக்கியோர். சுயாதீன விளையாட்டு என அழைக்கப்பட்ட ஒன்றின் ஆசிரியர் தம் ஆக்கத்தின் பிழையைத் திருத்த வாயிற்காவலனுக்குப் பணம் செலுத்த வேண்டியிருந்தது. 2013இல் அக்கட்டணம் கைவிடப்பட்டமை தெரியவந்தது.

ஸ்டீம் அங்காடியில் வெளியிட்டிருந்தால் செலவின்றித் திருத்தியிருக்கலாமென்று பெஸ் ஆக்கியோர் அப்போது கூறினர். அது உண்மையே. வால்வ் நிறுவனத்தின் அவ்வங்காடி 2017 முதல் 100 டொலர் கட்டணத்துடன் எவருக்கும் திறந்துவிடப்பட்டது. 2024இல் மட்டும் 18,000க்கு மேற்பட்ட விளையாட்டுக்கள் அங்கு வெளியாயின. வாயில் அகன்றது, வரி நீங்கவில்லை. விற்பனையில் 30 சதவீதம் அங்காடிக்குச் சேரும். 2018இன் இறுதியில் அறிவிக்கப்பட்ட திருத்தத்தின்படி ஒரு கோடி டொலரைத் தாண்டிய விற்பனைக்கு 25 சதவீதமும், ஐந்து கோடியைத் தாண்டியதற்கு 20 சதவீதமுமே அறவிடப்படும். சிறியோனிடம் கூடுதல் விகிதமும் பெரியோனிடம் குறைந்த விகிதமும் பெறும் இம்முறைக்கு விளக்கம் தேவையில்லை.

ஆக்கக் கருவிகளின் நிலையும் இதுவே. உற்றெக்ற் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ஓவர்மார்ஸ் 1999இல் வெளியிட்ட 'கேம் மேக்கர்' நிரலறிவு குறைந்தோர்க்கும் வழிதிறந்தது; டெரெக் யூவின் 'ஸ்பெலங்கி' 2008இல் அதனாலேயே ஆக்கப்பட்டது. பின்னர் யுனிற்றி என்னும் பொறிநிரல் பெருவழக்காயிற்று. அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரச் சிறு குழுவொன்று, 2014இல் 2,158 பேரிடம் 57,138 அவுஸ்திரேலிய டொலர் திரட்டி 2017இல் வெளியிட்ட 'ஹொலோ நைற்' அதில் அமைந்ததே. 2023 செப்ரெம்பரில், குறித்த எல்லையைக் கடந்த விளையாட்டுக்களுக்கு ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் அறவிடப்போவதாக யுனிற்றி அறிவித்தது. ஆக்கியோர் உலகெங்கும் கூட்டாக எதிர்த்தனர். முதலிற் கட்டணம் தளர்த்தப்பட்டது, 2024 செப்ரெம்பரில் முற்றாகக் கைவிடப்பட்டது. தனித்தவர் எனப் புகழப்பட்டவர்கள் தொழிலாளர்போல் ஒன்றுபட்ட அரிய சந்தர்ப்பம் இது.

2024 மேயில் வெளிவந்த 'அனிமல் வெல்' என்ற விளையாட்டைப் பில்லி பாசோ ஏழாண்டுகள் உழைத்து, பொறிநிரலையும் தாமே எழுதி ஆக்கினார். ஆழத்தில் மறைந்துள்ள புதிரொன்றின் சித்திரம் ஐம்பது துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒருவருக்கு ஒரு துண்டே கிட்டுமாறு அமைந்தமையால், பல்லோர் தம் துண்டுகளை ஒன்றுசேர்த்தே அதனை அவிழ்த்தனர். இவ்விளையாட்டும் ஸ்டீம், சொனி, நிண்டெண்டோ ஆகியவற்றின் அங்காடிகள் வழியாகவே விற்பனைக்கு வந்தது.