ஆர்மோனியம் மலையேறிய ஆண்டு

கலைஞனோ விளையாட்டு வீரனோ, தொழிலாளர் பூசல் ஒன்றின் நடுவே தன் தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்ய இயலும்? இக்கேள்விக்கு ஒரு விடை வட அமெரிக்காவிலிருந்து கிடைக்கிறது. 2012 செப்டம்பரில் அங்குள்ள தேசிய ஹாக்கி லீகின் அணி உரிமையாளர்கள், ஒப்பந்தம் முடிவாகாத நிலையில், பனி ஹாக்கி வீரர்களுக்கு எதிராகக் கதவடைப்புச் செய்தனர். 2013 ஜனவரி வரை அது நீடித்தது. இடையில், நவம்பரில், வீரர்கள் அட்லாண்டிக் சிட்டியில் கூடி ஓர் ஆட்டம் ஆடி, சாண்டிப் புயலால் பாதிக்கப்பட்டோருக்கு நிதி திரட்டினர். அரங்கம் உங்களுடையதாக இருக்கலாம், ஆட்டம் எங்களுடையது என்று உரிமையாளர்களுக்குச் சொல்லாமல் சொன்ன செயல் அது.

நம் கம்பம் பள்ளத்தாக்கு தந்த விடை அதற்கு அரை நூற்றாண்டு முந்தியது. அது முற்றிலும் வேறு வகையானது. அங்கே வீரர்கள் தங்கள் பூசலின்போது பிறருக்காக ஆடினார்கள். இங்கே பாடகர்கள் பிறருடைய பூசலுக்காகத் தங்கள் தொழிலையே கொடுத்தார்கள்.

பள்ளத்தாக்கின் மேற்கே நிற்கும் மலை, வரைபடத்தில்தான் எல்லை. வாழ்க்கையில் அது வழி. 1877-இல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாற்று அரச குடும்பத்திடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். அதன்பின் மெல்ல மெல்லத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. காட்டை அழித்துக் கொழுந்து கிள்ளியவர்கள் பெரும்பாலும் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து அழைத்துச் சென்ற தமிழர்கள். கம்பத்திலிருந்து குமுளி வழியாகப் பீர்மேட்டுக்கும், போடிநாயக்கனூரிலிருந்து மலைப்பாதையில் மூணாறுக்கும் ஆட்கள் ஏறினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட வழியே கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. மேலே சென்றது உழைப்பு, கீழே வந்தது சரக்கு. இத்தகைய தோட்ட வாழ்வின் கொடுமையை வால்பாறைப் பின்னணியில் சொன்ன பி.எச். டேனியலின் ஆங்கில நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று வந்ததை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள்.

1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. ஆள்வோரின் மொழி மலையாளம், தேயிலை கிள்ளுவோரின் மொழி தமிழ். மறு ஆண்டே ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு அமைந்தது. 126 இடங்களில் கட்சிக்கு 60, ஆதரவு தந்த சுயேச்சைகள் ஐவர். மயிரிழைப் பெரும்பான்மை. அந்நிலையில் தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி, 1958-இல் இடைத்தேர்தல் வந்தது. ஒரு தொகுதியின் முடிவு ஓர் அரசின் மூச்சைத் தீர்மானிக்கலாம் என்ற நிலை. அந்தத் தொகுதியின் வாக்காளர்களில் பெரும்பகுதியினரோ தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள்.

அவர்களிடம் பேசத் தமிழ்ப் பேச்சாளர்கள் பலர் இருந்திருப்பார்கள். ஆனால் நினைவில் நின்றவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன். உத்தமபாளையம் வட்டாரத்து அச்சிற்றூரிலிருந்து ஆர்மோனியத்தோடு மேடையேறியவர். ஊர் அறிந்த நாட்டுப்புற மெட்டிலும் திரைப்பட மெட்டிலும் அரசியலை ஏற்றிப் பாடுவது அவர் முறை. கேட்பவனுக்கு மெட்டு ஏற்கெனவே தெரியும். ஆகவே சொல் மட்டும் புதிதாய் உள்ளே போகும். காங்கிரஸின் இரட்டைக் காளைச் சின்னத்தைக் கேலி செய்து அவர் கட்டிய பாட்டைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். எழுத்தறியாத தொழிலாளி துண்டறிக்கையைத் தூக்கிப் போடலாம். லயத்து வாசலில் நின்று முணுமுணுத்த பாட்டை அவன் எங்கே போடுவான்? ரோசம்மா வென்றார். அந்த வெற்றி பாவலருக்குரியது என்று ஈ.எம்.எஸ். பாராட்டியதாகச் சொல்வார்கள்.

தம்பிகள் சேர்ந்து ‘பாவலர் பிரதர்ஸ்’ ஆன அக்குழுவில்தான் ராசய்யா பதின்ம வயதில் சேர்ந்து ஊர் ஊராய்ச் சுற்றினார். 1976-இல் ‘அன்னக்கிளி’ வழியாக இளையராஜாவாக வெளிப்பட்ட இசைக்குப் பயிற்சிக்கூடம், சாதாரண மக்கள் தரையில் அமர்ந்து கேட்ட அந்தக் கட்சி மேடைகள்தாம். கூட்டம் எழுந்து போய்விடாமல் பிடித்து வைப்பதெப்படி என்பதை அங்கேதான் கற்க முடியும்.

கதையை வெற்றியோடு முடித்துவிட்டால் இனிமையாக இருக்கும். வரலாறு அதை அனுமதிக்கவில்லை. அதே 1958 அக்டோபரில் மூணாறுத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். அப்போது ஆட்சியில் இருந்தது, பாட்டுப் பாடி, வாக்குக் கேட்டு, அம்மலையே காப்பாற்றித் தந்த அரசு. 1959 ஜூலை 31-இல் அந்த அரசும் கலைக்கப்பட்டது.

அப்படியானால் பாட்டு வீணாயிற்றா? நான் அப்படிக் கருதவில்லை. கலை ஒரு பூசலைத் தீர்த்துவைப்பதில்லை. அதற்குரிய அதிகாரம் அதனிடம் இல்லை. ஹாக்கி வீரர்களின் நிதி ஆட்டமும் கதவடைப்பை முடிக்கவில்லை. முடித்தது பேச்சுவார்த்தை மேசை. கலை செய்வது வேறொன்று. பூசலில் சிக்கியவனை, கணக்கேட்டில் ஒரு பெயர் என்ற நிலையிலிருந்து, கேட்கத் தக்க மனிதன் என்ற நிலைக்கு உயர்த்துகிறது. தன் மொழியில், தன் மெட்டில், தன் குறையை ஒருவன் மேடையில் கேட்கும்போது அக்குறைக்குக் கௌரவம் பிறக்கிறது. அவ்வாறு கௌரவம் கண்டவர்கள் பிறகு தங்களுக்காகப் பாடிய கட்சியையும் கேள்வி கேட்பார்கள். அது கலையின் தோல்வி ஆகாது.

2015 செப்டம்பரில் அது கண்ணெதிரே நிகழ்ந்தது. போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து மூணாற்றில் தேயிலை கிள்ளும் பெண்கள் சாலையை நிறைத்தார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் வைத்துக்கொண்டு, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி நிறுத்தினார்கள். ஒன்பது நாட்களில் பழைய அளவையே மீட்டார்கள். அங்கே பாவலர் இல்லை, ஆர்மோனியம் இல்லை. தமிழில் முழக்கம் கட்டியவர்களும் எழுப்பியவர்களும் அவர்களே.

பண்ணைப்புரம் என்றதும் நாம் இளையராஜாவை நினைக்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் அந்த இசைக்கு முன்னால் ஒரு மலைப்பாதை உண்டு, அதில் ஏறிய ஓர் ஆர்மோனியம் உண்டு, அதைக் கேட்கக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து அமர்ந்த கூட்டம் உண்டு. அக்கூட்டத்தில் சிறுவர்களாய் இருந்தவர்கள் இன்று எண்பதை நெருங்குகிறார்கள், கடந்தும் இருக்கிறார்கள். கம்பத்திலோ போடியிலோ சின்னமனூரிலோ உறவினர் உள்ள நண்பர்கள், தோட்டத்திலிருந்து இறங்கி வந்த முதியவர் எவரேனும் இருந்தால், அருகமர்ந்து ஒரு மாலைப் பொழுது கேட்டுப் பாருங்கள். பாட்டின் முழு அடி வராவிட்டாலும் மெட்டு வரும்.