தாளம் கூடும் இடமும் கூடாத இடமும்



கர்நாடக இசைக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் தேநீர் அருந்த எழுந்து செல்வோர் உண்டு. பல ஆண்டுகள் நானும் அவர்களுள் ஒருவன். ஒருமுறை பிரிக்பீல்ட்ஸில் முன்வரிசையில் அமர நேர்ந்ததால் எழ இயலவில்லை. மிருதங்கம் ஒலித்தது கால் மணி நேரம். எனக்கு ஐந்து நிமிடமே கடந்ததாகத் தோன்றியது. கடிகாரம் காட்டும் காலமும் மனம் உணரும் காலமும் வேறு என்பதை அன்று உணர்ந்தேன்.

நம் இசையில் வேகத்திற்கே காலம் என்று பெயர். வர்ணத்தை இரண்டாம் காலத்தில் பாடும்போது தாளம் போடும் கை விரைவதில்லை. ஓர் எண்ணிக்கைக்குள் அடங்கும் சுரங்களே இரட்டிப்பாகின்றன. ஆயினும் காலமே விரைவதாகக் கேட்போர் உணர்கின்றனர்.

தனி ஆவர்த்தனத்தின் சுவை கணக்கில் உள்ளது. எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில், எண்ணிக்கைக்கு ஓர் எழுத்தாக ஐந்தெழுத்துச் சொற்கட்டை வாசித்தால், அது தாளத்தின் தொடக்கத்தோடு மீண்டும் கூடுவது 40ஆம் எண்ணிக்கை முடிந்த பின்னரே. நாம் வகுப்பில் கற்பிக்கும் மீச்சிறு பொது மடங்குதான் இது. அந்தக் கூடுதலுக்கான காத்திருப்பே நம்மை ஈர்த்து வைக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் ‘சங்கீத ரத்னாகரம்’ என்னும் நூலில் 120 தேசித் தாளங்களைத் தொகுத்தார். பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியம் ஒன்றின் வழியே அவற்றை அறிந்தவர் ஒலிவியே மெசியான். இரண்டாம் உலகப் போரில் கைதான அவர், கோர்லிட்ஸ் நகரை ஒட்டிய ஜெர்மானியக் கைதிகள் முகாமில் இருந்தபோது, கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ ஆகிய நான்கு கருவிகளுக்காகக் ‘காலத்தின் முடிவுக்கான நால்வரிசை’யை இயற்றி முடித்தார். 1941 ஜனவரி 15 அன்று அது சக கைதிகள் முன் அரங்கேறியது.

அதன் முதற்பகுதியில், தேசித் தாளங்களிலிருந்து அமைத்த 17 கால அளவுகளைப் பியானோ திரும்பத் திரும்ப வாசிக்கிறது, சுரக்கூட்டுகளோ 29. இரண்டும் பகா எண்கள். ஆகவே 493 ஒலிப்புகள் முடிந்தாலன்றி அவை தொடக்கத்தில் கூடா. அதற்கு முன்பே அப்பகுதி முடிந்துவிடுகிறது.

நம் தாளம் கூடி நிறைவு தருகிறது. விடுதலை நாள் அறியாத கைதியின் தாளம் கூடாமலே நிற்கிறது. கணக்கு ஒன்றே, மனம் உணரும் காலம் வேறு.

எதற்கும் அவசரப்படும் நம் பிள்ளைகளைத் தாளம் போட்டு 40 வரை எண்ணச் செய்து பாருங்கள். காத்திருத்தலும் ஓர் இன்பம் என்பதை அவர்கள் விரல்களே கற்றுக்கொள்ளும்.