சாப்பாட்டு மேசையில் பெற்றோருக்கு இடம் இருக்கா?

1873இல், சாப்பிட மறுத்து மெலிந்துபோன இளம்பெண்களைப் பற்றி இரண்டு வைத்தியர்கள் தனித்தனியே பேசினார்கள்: பாரிஸில் சார்ல்ஸ் லாசேக், லண்டனில் வில்லியம் கல். 'அனொரெக்சியா நெர்வோசா' என்ற பெயர் கல் வைத்தது. நோய் ஒன்றுதான். வீட்டு ஆக்களை என்ன செய்வது எண்ட இடத்தில்தான் ரெண்டு பேரும் பிரிகிறார்கள்.

வீட்டார் ஒருக்கா கெஞ்சுவதையும் ஒருக்கா மிரட்டுவதையும் லாசேக் கவனித்து எழுதினார். ("சாப்பிடாட்டி அப்பாட்டச் சொல்லுவன்" எண்டு கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது புதுசில்லை.) பிள்ளையையும் குடும்பத்தையும் சேர்த்தே பார்க்கவேணும் என்பது அவர் நிலைப்பாடு. கல்லோ நேரம் தவறாமல் உணவு கொடுக்கச் சொல்லிவிட்டு, பராமரிப்புக்கு உறவினர்தான் ஆக மோசம் எண்டார். பின்னாளில் சார்க்கோ, தாய் தகப்பன் ஊரைவிட்டே போகவேணும் எண்டு பிடிவாதமாக நின்றார். வென்றது இந்தப் பக்கம்தான். அதிகாரம் வைத்தியருக்கு, கண்காணிப்பு தாதிக்கு, பெற்றோருக்கு வெளிவாசல்.

இடையில், 1914இல் சிம்மண்ட்ஸ் பிட்யூட்டரி சுரப்பி அழிவால் மெலிந்து இறந்த ஒருவரைப் பற்றி எழுத, இந்த நோயும் சுரப்பிக் கோளாறு எண்டு குழம்பி, பலருக்குச் சுரப்பிச் சாறு ஏற்றினார்கள். பிறகு அது மனநல வைத்தியர்களிடம் திரும்பியது.

திருப்பம் லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் வந்தது. ஜெரால்ட் ரசலும் டெயாரும் ஐஸ்லரும் சேர்ந்த குழு 1987இல் 80 பேரின் ஆய்வை வெளியிட்டது. விடுதியில் நிறை கூடிய பிறகு சிலருக்குக் குடும்பச் சிகிச்சை, சிலருக்குத் தனிச் சிகிச்சை. 19 வயதுக்கு முதல் நோய் தொடங்கி, மூன்று வருடம் ஆகாதவர்களுக்குக் குடும்பச் சிகிச்சை நன்றாக வேலை செய்தது. வயது வந்தபின் நோய் தொடங்கியவர்களிடம் அந்த நன்மை தெரியவில்லை. இதைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள்.

இதனால் வைத்தியரின் வேலை குறைந்துவிடவில்லை. பட்டினி கிடந்த உடலுக்கு அவசரப்பட்டு உணவேற்றினால் இரத்தத்தில் பொசுபேற்று விழுந்து உயிரே போகலாம். இரத்தப் பரிசோதனையும் நாடித்துடிப்பும் அவர் பொறுப்பு. போசணை நிபுணர் உணவுத் திட்டத்துக்கு வழிகாட்டுவார். ஆனால் மூன்று நேரமும் பக்கத்தில் இருக்கிறது வீட்டு ஆக்கள்தான். மோட்ஸ்லி வழியில் முதல் சந்திப்பிலேயே "இது உங்கட பிழை இல்லை" எண்டு பெற்றோருக்குச் சொல்லப்படும். இரண்டாவது சந்திப்புக்குக் குடும்பம் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கிளினிக்குக்கே வரும். சிகிச்சையாளர் பக்கத்தில் இருக்க, பிள்ளையை இன்னும் ஒரு வாய் சாப்பிடவைக்கத் தாய் தகப்பன் பழகுவார்கள்.