நிரம்பாச் சார்பு: ஒரு வரலாற்று நோக்கு

இரு எண்களைப் பெற்று விடை தரும் சார்பொன்றுக்கு ஓர் எண் மட்டும் கொடுக்கப்படுகின்றது. மற்றையது பின்னர் வரும். எஞ்சி நிற்பது விடையன்று. இன்னும் ஓர் எண்ணுக்காகக் காத்திருக்கும் புதியதொரு சார்பு. கூட்டலுக்கு ஐந்தை மட்டும் அளித்தால் ‘ஐந்தைக் கூட்டுதல்’ என்னும் செயல் பிறக்கின்றது. எளிதாகத் தோன்றும் இக்கருத்து, இன்றைய கணினி தோன்றுமுன்னரே அளவையியலாரின் சிந்தனையில் உருப்பெற்றதாகும்.

1920 டிசெம்பரில் ஜேர்மனியின் கொட்டிங்கன் நகரில், உக்ரேனிலே பிறந்த மோசஸ் ஷோன்ஃபிங்கல் ஓர் உரை நிகழ்த்தினார். பல உள்ளீடுகளைக் கொண்ட எச்சார்பையும், ஒரு வேளைக்கு ஓர் உள்ளீட்டை மட்டும் ஏற்கும் சார்புகளாக மாற்றலாம் என்பது அவர் காட்டியவற்றுள் ஒன்று. (பிறேகே 1893 இலேயே இதனைத் தொட்டுச் சென்றிருந்தார்.) அவ்வுரையை ஹைன்றிச் பேமன் ஒழுங்குபடுத்த, 1924 இல் அது கட்டுரையாக வெளிவந்தது. ஷோன்ஃபிங்கலின் பிற்கால வாழ்வு துயர் நிறைந்தது. மொஸ்கோவில் வறுமையுற்று அவர் இறந்தபின், அவருடைய தாள்களை அயலவர் குளிர்காய எரித்துவிட்டனர் என்பர்.

அமெரிக்கரான ஹஸ்கல் கறி இதே துறையில் தனியே சிந்தித்து வருகையில், 1927 இல் அக்கட்டுரையைக் கண்ணுற்றார். முந்தியவர் யாரென்பதை அவர் மறைத்தாரல்லர். ஆயினும் நிலைத்த பெயர் ‘கறியிங்’ என்பதே. (நம் அடுப்பங்கரைக் கறிக்கும் இதற்கும் தொடர்பில்லை.) நாவுக்கு எளிதான பெயரின்பால் வரலாறும் சாய்ந்துவிடுகின்றது போலும்!

அவ்வுரை நிகழ்ந்த 1920 ஆம் ஆண்டிலேயே கனடாவிற் பிறந்தவர் கெனத் ஐவர்சன். ஹாவாட்டிற் கற்பித்த காலத்தில் அவர் வகுத்த குறியீடு, 1962 இல் நூலாகி, பின்னர் ஏ.பி.எல். என்னும் கணினி மொழியாயிற்று. எண்களின் அணி முழுவதையும் ஒரே குறியால் ஆளுவது அதன் சிறப்பு. அங்கே ஒரு செயலுக்கு வலப்புறம் மட்டும் உள்ளீடு அமையலாம். அன்றி இருபுறமும் அமையலாம். ஆனால் இரண்டில் ஒன்றை முன்னரே பிணைத்துவைக்கத் தொடக்ககால ஏ.பி.எல். மொழியில் தனிக்குறி இருக்கவில்லை.

1990 இல் ரோஜர் ஹுயியுடன் ஐவர்சன் படைத்த ‘ஜே’ மொழி இக்குறையை நீக்கியது. தமிழ் மாணவர்க்குச் சுவை தரும் செய்தி ஒன்றுண்டு: அம்மொழியில் தரவு பெயர்ச்சொல், செயல் வினைச்சொல், செயல்களை இணைப்பது இணைப்புச்சொல் என இலக்கணப் பெயர்களே வழங்கின. பெயரையும் வினையையும் பிணைப்பதும் ஓர் இணைப்புச்சொல்லே. மடக்கைக்கு இடப்புறம் 10 ஐப் பிணைத்தால் பத்தடி மடக்கை கிடைக்கும். அடுக்கேற்றத்துக்கு வலப்புறம் 3 ஐப் பிணைத்தால் கனம். இடப்புறம் பிணைத்தாலோ மூன்றின் அடுக்குகள். பக்கம் மாறினாற் பொருளே மாறும். இப்பிணைப்பை விளக்கும் ஜே அகராதியும் கறியின் பெயரையே போற்றுகின்றது.

ஆதர் விற்னி வகுத்த ‘கே’ மொழி இன்னும் ஒரு படி சென்றது. சார்பின் அடைப்புக்குறிக்குள் ஓரிடத்தை வெறுமையாக விட்டாற் போதும்; நிரம்பாச் சார்பு கிடைத்துவிடும். இரட்டை அணியொன்றிலிருந்து ஒரு நிரலை முழுவதாக எடுப்பதும் அங்கே அதே வெற்றிடத்தாற்றான்.